இன்னைக்கு மீன் கிடையாது

மூன்று தடவை போய், மூன்றாவது தடவைதான் வீட்டுத் தொட்டியில் வளர்க்க மீன் வாங்க முடிந்தது. முதல் தடவை கடைக்காரர் தர மாட்டேன் என்றார். இரண்டாவது தடவை நான் கொண்டுபோன தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டேன் என்றார். காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனைத் திருப்பி அனுப்பும் கடையை என்னுடைய இருபத்திரண்டு வருட வியாபாரத்தில் பார்த்ததில்லை. நானும் கடைக்காரன்தான். புதுவயலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். திரும்பிய பக்கமெல்லாம் அரிசி ஆலை இருக்கும் ஊரில் உட்கார்ந்து அரிசி விற்பது எப்படி என்று தனியாகவே எழுதலாம். அது இங்கே வேண்டாம்.

இந்த வண்ணமீன் கடை காரைக்குடியில், கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. “உங்க கடையப் பத்தி எழுதப் போறேண்ணே” என்று சொன்னபோது, “எழுதுங்க, பேரைப் போட்டுறாதீங்க தம்பி. ஞாயித்துக்கிழமை வர்ற கூட்டமே கண்ணாடியத் தட்டித் தட்டி மீனைக் கொல்லுது” என்றார். பெயர்ப்பலகையும் வெயிலில் வெளுத்து ‘வண்ண’ என்ற மூன்றெழுத்துதான் மிச்சம். போகிறவர்கள் மொட்டையாக “மீன் கடை எங்கே?” என்று கேட்டால் அயிரையும் விராலும் விற்கிற இடத்தைக் காட்டிவிடுவார்கள். “தொட்டி மீன் கடை” என்று கேளுங்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். போன தை மாதம் மகளுக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்கு மீன்தொட்டி கேட்டாள். வேறொரு கடைக்குக் கூட்டிப்போனேன். எந்த ஊர், எந்தக் கடை என்பதெல்லாம் எதற்கு. உள்ளே நுழைந்து ஒரே மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இரண்டடித் தொட்டி, கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, மூடி திறந்து திறந்து மூடும் புதையல் பெட்டி, ஆறு நியான் டெட்ரா, இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு ஏஞ்சல், ‘அழுக்கையெல்லாம் அதுவே தின்னுரும்’ என்று ஒரு சக்கர் மீன். மொத்தம் 3,400 ரூபாய். தொட்டியில் தண்ணீர் ஊற்றியதும் அன்றைக்கே, மீனை விட்டதும் அன்றைக்கே.

ஒன்பதாம் நாள் சக்கர் மட்டும்தான் உயிரோடு இருந்தது. முதலில் நியான்களின் நீலக்கோடு மங்கியது, ஒவ்வொன்றாகப் போயின. அப்புறம் கோல்டு ஃபிஷ் உடம்பில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். திரும்பிப் போய்க் கேட்டால், “உங்க ஊர்த் தண்ணி ஒத்துக்கல சார்” என்று சொல்லி நீல நிற மருந்து ஒன்றை 90 ரூபாய்க்கு விற்றார்கள். மகள் ஒவ்வொன்றையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். எங்கள் அப்பத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குற வீட்டுல தினம் ஒரு எழவாடா?” என்று சத்தம் போட்டது. ஒன்பது நாள், ஒன்பது மீன். கணக்கு சரிதான்.

தண்ணீரைப் பற்றி அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, குழாய்த் தண்ணீர்தான் வேண்டும். பருப்பு வேகாத தண்ணீர் என்றால் சுண்ணாம்புச் சத்து கூடின கடினத் தண்ணீர். நியான் டெட்ராவோ அமேசான் காட்டில் இலை தழை ஊறிக் கறுத்த மென்மையான தண்ணீரில் பிறந்து வளர்ந்த சாதி. இதை எனக்கு விற்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். விற்ற பிறகு சொன்னார்கள்.

எங்கள் கடையில் மாதக் கணக்கு வைத்திருக்கும் வாத்தியார் ஒருவர்தான் கல்லுக்கட்டிக் கடைக்குப் போகச் சொன்னார். மாசி மாதம் ஒரு புதன்கிழமை, கண்டனூர் வழியாகப் பைக்கில் போனேன். உள்ளே அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர், மடித்துக் கட்டிய கைலி, தோளில் ஒரு ஈரத்துண்டு.

“என்ன தம்பி வேணும்?”

“ஒரு பத்து மீன்ணே, பிள்ளைக்கு. தொட்டி இருக்கு.”

“தொட்டி வச்சு எத்தனை நாளாச்சு?”

“ஒரு மாசம். இருந்ததெல்லாம் செத்துப்போச்சு. சக்கர் மீனை வாளியில எடுத்து விட்டுட்டு, நேத்துதான் கல்லு, ஃபில்டர் எல்லாத்தையும் வெந்நி ஊத்திக் கழுவிக் காய வச்சேன்.”

அவர் ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நோய் போகக் கழுவினது சரி. ஆனா உறையும் சேந்து போச்சே. இன்னைக்கு மீன் கிடையாது.”

உறை என்று அவர் சொன்னதற்கு விளக்கம் கேட்டேன். மீன் தின்கிறது, கழிக்கிறது. கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒருவகை பாக்டீரியா குடியேறி அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த இரண்டு கூட்டமும் புதுத் தொட்டியில் சேர்ந்து நிற்க நாலு முதல் ஆறு வாரம் வரை ஆகும். “பாலை மட்டும் ஊத்தி வச்சுட்டுத் தயிர் எங்கன்னு கேட்டா எப்பிடி? உறை ஊத்தணும்ல?” என்றவர், தம்முடைய தொட்டி ஒன்றிலிருந்து அழுக்கேறிய பஞ்சில் ஒரு துண்டைப் பிய்த்து, தண்ணீரோடு பையில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மீன் இருப்பதாக நினைத்துத் தினம் ஒரு சிட்டிகை தீனி போடச் சொன்னார். மூன்று வாரம் கழித்து ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வாளியில் இருக்கும் சக்கர் மீனையும் கொண்டுவந்து தன்னிடம் விட்டுவிடச் சொன்னார். அதைப் பற்றி அப்புறம்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். கண்ணாடிக் குழாயில் என் தண்ணீரை ஊற்றிச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். அம்மோனியாக் குழாய் மஞ்சளாகவே நின்றது, நல்லது. நைட்ரைட் குழாய் நீலமாக இருந்திருக்க வேண்டும், ஊதாவாகிவிட்டது. “பாதிக் கிணறு தாண்டியிருக்கு. இன்னும் ஒரு பத்து நாள்.” நான் கொஞ்சம் எரிச்சலோடுதான் வெளியே வந்தேன். வீட்டில் மகளுக்கு யார் பதில் சொல்வது?

ஆனால் அன்றைக்கு நின்ற அரை மணி நேரத்தில் ஒன்றைக் கவனித்திருந்தேன். அதுதான் என்னைத் திரும்ப வரவைத்தது. ஒவ்வொரு தொட்டியின் மேல் மூலையிலும் சாக்பீஸால் ஒரு தேதி எழுதியிருந்தது. முதலில் விலை என்று நினைத்தேன். விசாரித்தால், அந்தத் தேதி வரும் வரை அந்தத் தொட்டி மீன் விற்பனைக்கு இல்லை. சரக்கு வந்த நாளிலிருந்து பத்து நாள் தள்ளிப் போட்ட தேதி.

வியாபாரியாக எனக்கு இது முதலில் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பலசரக்கில் லாபமே சுற்றில்தான். இன்று இறங்கிய மூட்டை நாளைக்குக் காலியானால் அந்தக் காசு மறுநாள் இன்னொரு மூட்டையாகத் திரும்பும். பத்து நாள் முடங்கினால் பணமும் முடங்கும், வண்டும் வரும். இவர் பத்து நாள் வைத்திருந்தால் இடம், கரண்ட், தீனி, எல்லாவற்றுக்கும் மேலே சாவு, அத்தனையும் இவர் கணக்கில். யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டியதில் கண்டனூர் தாண்டும்போது புரிந்தது. அந்தச் சாவு எப்படியும் நடக்கப் போகிறது. யார் வீட்டில் நடக்கிறது என்பதுதான் விஷயம். இறங்கிய அன்றே விற்கும் கடையில் மீன் சாவதே இல்லை. அங்கே தொட்டிகள் எப்போதும் பளபளவென்று இருக்கும். சாவெல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லையில்.

ஏன் சாகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. இவருக்கு மீன் வருவது சென்னை கொளத்தூரிலிருந்து. பண்ணையில் பிடித்த மீன் அங்கே வந்து, அங்கிருந்து பையில் ஏறி, தெர்மாகோல் பெட்டிக்குள் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து விடிகாலையில் இறங்குகிறது. பைத் தண்ணீர் கெடக்கூடாது என்று கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாளாவது பட்டினி போடுவார்கள். பட்டினி, அலைச்சல், தண்ணீர் மாற்றம், பயம். நோய் எதிர்ப்பு குறைந்து கிடக்கும் அந்த நேரத்தில்தான் உள்ளே ஒளிந்திருந்த வெள்ளைப்புள்ளி வெளியே வரும். என் கோல்டு ஃபிஷ்ஷுக்கு வந்தது அதுதான். அது ஒரு ஒட்டுண்ணி. நம் கண்ணுக்குத் தெரியும் புள்ளி மீனின் தோலுக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, மருந்து அங்கே எட்டாது. முற்றியதும் உதிர்ந்து கல்லில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தி வரும். மருந்து பிடிப்பது அந்த நீந்தும் நேரத்தில் மட்டும்தான். ஆகவே புள்ளி மறைந்துவிட்டது என்று ஒரே நாளில் மருந்தை நிறுத்துவதில் பயனில்லை. நம் ஊர் வெயிலில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். பத்து நாள் கண்காணிப்பில் வைத்தால் வரவேண்டியது பெரும்பாலும் அவர் கண்ணெதிரிலேயே வந்து தீர்ந்துவிடும்.

அதனால் இந்தக் கடையில் செத்த மீனைப் பார்க்கலாம். பாராட்டாகத்தான் சொல்கிறேன். நான் நிற்கும்போதே ஒரு தொட்டியிலிருந்து செத்த கப்பி ஒன்றை எடுத்தார். என் கண்ணில் படாமல் மறைக்கவில்லை. நோட்டில் குறித்துவிட்டு, சாக்பீஸ் தேதியை அழித்து இன்னும் ஒரு வாரம் தள்ளி எழுதினார். சிவப்பு நாடா கட்டிய வலையைப் பொட்டாசியம் பர்மாங்கனேட் கலந்த ரோஸ் நிற வாளியில் முக்கி அதற்குரிய ஆணியில் மாட்டினார். வரிசைக்கு ஒரு வலை. நான் முதலில் வாங்கிய கடையில் ஒரே வலை எல்லாத் தொட்டிக்கும் போய் வந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு வீட்டு அம்மியை ஊர் முழுக்க அரைக்க விட்ட மாதிரி.

மூட்டை அரிசி வாங்கும்போது நாங்கள் குத்தூசியைச் சொருகி நடுவயிற்றிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம். மேலே தெரிவதை நம்ப மாட்டோம். மீனுக்குக் குத்தூசி என்ன என்று அவரிடமே கேட்டேன். “தீனி” என்றார். தீனி போடச் சொல்லிப் பார்க்க வேண்டுமாம். நல்ல மீன் கையின் நிழல் விழுந்ததுமே முன்னால் வரும். மூலையில் ஒதுங்கி நிற்பது, வாயில் வாங்கித் துப்புவது, இரண்டையும் விட்டுவிட வேண்டும். அதோடு நான் அவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது சில உண்டு. துடுப்பு விரிந்திருக்க வேண்டும், மடக்கி உடம்போடு ஒட்டியிருந்தால் அதற்குச் சுகமில்லை. மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கினால் காற்று போதவில்லை அல்லது செவுள் கெட்டிருக்கிறது. கல்லில் உடம்பைத் தேய்த்துவிட்டு ஓடினால் ஒட்டுண்ணி அரிக்கிறது, புள்ளி நாளைக்குத் தெரியும். வயிறு ஒட்டித் தலை மட்டும் பெரிதாகத் தெரிகிற மீன் எத்தனை மலிவாக வந்தாலும் வேண்டாம். இன்னொன்று, நீங்கள் பார்க்கிற மீனை மட்டும் பார்க்காமல் கூட இருக்கும் மற்ற மீன்களையும் பாருங்கள். ஒரே தொட்டியில் ஒன்றுக்குப் புள்ளி இருந்தால் எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். தண்ணீர் நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் மருந்து ஓடுகிறது. அந்தத் தொட்டியிலிருந்து எடுத்து விற்கிறவர் கடையில் நிற்கவே வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் எனக்குள் இருந்த வியாபாரி ஒரு சோதனை வைக்காமல் விடவில்லை. மின்வாரியம் மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து கரண்டை நிறுத்துமே, பேப்பரில்கூட முதல் நாளே போடுவார்களே, காரைக்குடிக்கு அந்த நாள் பார்த்துப் பதினோரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். பங்குனி வெயில். கடைக்குள் விளக்கில்லை, ஃபேன் இல்லை, அவர் விசிறியால் விசிறிக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருந்தார். ஆனால் எல்லாத் தொட்டியிலும் குமிழி வந்துகொண்டிருந்தது. இன்வெர்ட்டர் முழுவதையும் ஏர் பம்ப்புக்குக் கொடுத்திருக்கிறார், அவருக்கு ஒரு ஃபேன்கூட அதில் இல்லை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும், அந்த நேரம் பார்த்துக் காற்றும் நின்றால் இரண்டு மணி நேரத்தில் பாதிக் கடை போய்விடும் என்றார். “நம்ம வேர்த்தா துடைச்சுக்கலாம்.” அன்றைக்குத்தான் என் தண்ணீர் இரண்டாவது சோதனையில் பாஸானது. முதல் மீனும் அன்றைக்குத்தான் வாங்கினேன்.

பத்து கேட்டேன், நாலு கொடுத்தார். நாலும் பிளாட்டி. எங்கள் கடினத் தண்ணீருக்கு கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் ஏற்றவை என்றார். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் தளும்பத் தளும்ப நிரப்பினால் 56 லிட்டர், கல், மேல் இடைவெளி எல்லாம் போக 45 தேறும், அதில் ஒரே நாளில் பத்து மீனை இறக்கினால் இப்போதுதான் நின்ற உறை தாங்காது, மிச்சத்தை இரண்டு வாரம் கழித்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அவருக்கும் எனக்கும் ஒரு சண்டையும் நடந்தது. இரண்டாம் தவணையில் வாங்கிய ஆறு மோலியில் இரண்டு, நாலாம் நாள் செத்துப்போயின. வாரத்துக்குள் செத்தால் மாற்றித் தருவது அவர் வழக்கம், ஆனால் செத்த மீனையும் தொட்டித் தண்ணீரையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனேன். குழாயில் சொட்டு விட்டதும் தண்ணீர் பச்சையாகிவிட்டது. அம்மோனியா. “மாத்தித் தர முடியாது தம்பி. மீன் என்னோடது, சாவு உங்களோடது.” எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது ரூபாய் மீனுக்கு இத்தனை சட்டமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் வந்து கேட்டால், அப்பத்தா மதியம் தனியாக இருக்கும்போது பாவம் பட்டினி கிடக்கிறதே என்று பொரியை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறது. கல்லுக்கடியில் ஊறிக் கிடந்தது. அடுத்த வாரம் போனபோது நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தீனி டப்பா ஒன்று வாங்கினேன். அப்பத்தாவுக்கென்று தனியாக ஒரு சின்ன டப்பாவில் நாலு சிட்டிகை போட்டு வைக்கச் சொன்னார். அந்த ஏற்பாடு இன்றுவரை நடக்கிறது.

விற்காத பட்டியல் ஒன்று அவரிடம் இருக்கிறது. உடம்பில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றிய கண்ணாடி மீனை உள்ளே விடமாட்டார். அந்த மீனின் அழகே உள்ளிருக்கும் முள் தெரிவதுதான், அதில் ஃப்ளூரசன்ட் பச்சையை ஏற்றினால் கொஞ்ச நாளில் சாயமும் போய்விடும், பல சமயம் மீனும் போய்விடும். சித்திரை, வைகாசியில் கோல்டு ஃபிஷ் இறக்குவதில்லை, அது குளிர்ந்த தண்ணீர் கேட்கிற மீன். கண்ணாடிக் கிண்ணமும் கிடையாது. வாஸ்து மீன் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் அவர் பேச்சு கொஞ்சம் வளையும். ஃப்ளவர்ஹார்ன் இரண்டு வைத்திருக்கிறார். “அதுல வர்ற காசுலதான் மத்ததுக்கு கரண்ட் பில்லு கட்டுறேன்” என்று அவரே சொல்லிச் சிரித்தார். தொட்டி நாலடிக்குக் குறைந்தால் அதையும் தர மறுக்கிறார் என்பதை நானே பார்த்தேன்.

சக்கர் மீனை மட்டும் எந்தத் தொட்டிக்காரருக்கும் தருவதில்லை. நான் கொண்டுபோய்விட்ட சக்கர் அவருடைய பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் இப்போது முழங்கையளவுக்குப் போய்விட்டது. ஒரு அடிக்கு மேலும் வளரும். அழுக்கைத் தின்னும் என்று சொல்லி விற்கிறார்கள், அதுவும் கழிக்கத்தானே செய்யும் என்பதை யாரும் சொல்வதில்லை. வளர்ந்ததும் கொல்ல மனசு வராமல் ஊருணியிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்க மீன், உடம்பெல்லாம் கவசம், எதுவும் அதை லேசில் தின்னாது. நம் கெண்டைக்கும் குறவைக்கும் உள்ள இரையை அது தின்னும், கரையைக் குடைந்து குழி பறிக்கும், வலையில் மாட்டினால் வலையைக் கிழிக்கும். செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டிப் படிக்கட்டும் கட்டி வைத்தவர்கள் இதற்காகவா வெட்டினார்கள் என்று அன்றைக்கு ஒரு பாட்டம் பேசினார். நானும் வாளியில் இருந்த அந்தச் சக்கர் மீனை எங்கள் ஊருணியில் விடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அவரிடம் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

குறைகளும் இருக்கின்றன, சொல்லாவிட்டால் தப்பு. விலை கூடுதல். வெளியே 40 ரூபாய்க்குக் கிடைக்கும் கப்பி ஜோடி இங்கே 60. ரகம் குறைவு, படத்தில் பார்த்துவிட்டு எதையாவது கேட்டால் பெரும்பாலும் இருக்காது. ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை அடைத்துவிடுகிறார், செவ்வாய்க்கிழமை விடுமுறை. சந்துக்குள் வண்டி நிறுத்த இடமில்லை. ஜிபே உண்டு, பில் கிடையாது. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பின்னால் நிற்கிறவர் பொறுமையிழந்து போவதை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் கை வைத்தால் அவர் அதட்டுகிற அதட்டில் என் மகளே முதல் நாள் வெளியே போய் நின்றுகொண்டாள்.

மீனில் அத்தனை கண்ணாக இருக்கிறவர் செடியில் கோட்டை விடுகிறார். அவரிடம் வாங்கிய ஹைட்ரில்லா கொத்தில் நத்தை முட்டை ஒட்டியிருந்து இப்போது என் தொட்டியில் கடுகு கொட்டியது போல நத்தை. கேட்டால், “அது பாட்டுக்கு இருக்கட்டும், பாசியத் திங்கும்” என்கிறார். இந்தப் பதிலை வேறு கடைக்காரர் சொல்லியிருந்தால் இவரே திட்டியிருப்பார். செடியை வேறெங்காவது வாங்குங்கள், அல்லது வாங்கிப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து அலசிவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் அந்த மோலி விவகாரம். ஆறும் ஆண் என்று எண்ணிக் கொடுத்தார். ஆணுக்கு வயிற்றுக்கடியில் இருக்கும் துடுப்பு குச்சி மாதிரி கூராக இருக்கும், பெண்ணுக்கு விசிறி மாதிரி விரியும். குட்டிப் பருவத்தில் பார்த்து எடுத்ததில் ஒன்று தப்பிவிட்டது. வைகாசியில் ஒருநாள் காலையில் தொட்டியில் 27 குஞ்சு. முட்டையெல்லாம் இல்லை, நேரே குட்டிதான் போடும். ஆண் மோலி கூட இல்லாவிட்டாலும் ஒரு தடவை சேர்ந்ததை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போடுமாம். அப்பத்தாவுக்கு மட்டும் ஏக சந்தோஷம், எழவு வீடு பேறு வீடானது. நான் பாட்டிலில் இருபது குஞ்சுகளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “என் கண்ணுலதான் கோளாறு” என்றார். குஞ்சுகளை எடுத்துக்கொண்டு இரண்டு டப்பா தீனி கொடுத்தார். தப்பை ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மீனை வீட்டுக்குக் கொண்டுவருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மிச்சம் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் நிரப்பி ரப்பர் பேண்டு போடுகிறார். அந்தப் பையைப் பழைய தினத்தந்தியில் சுற்றி, அதைக் கட்டைப்பைக்குள் வைத்துக் கொடுக்கிறார், இருட்டில் மீன் பதறாது. பைக் பெட்ரோல் டேங்க் மேல் வைக்கக்கூடாது, சுடும். வீட்டில் பையை அப்படியே கால் மணி, இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிரித்து, தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விட்டுவிட்டு, பைத் தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். இது அரை மணிப் பயணத்துக்கு. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த பையை இப்படி நிதானமாகப் பிரித்தால் கெட்டது. பூட்டிய பையில் மீன் விட்ட மூச்சுக்காற்று தண்ணீரைப் புளிக்க வைத்து, அதாவது அமிலமாக்கி, அம்மோனியாவை அடக்கி வைத்திருக்கும், பையைத் திறந்து காற்று வெளியேறியதும் அது விஷமாகிவிடும். ஆகவே தொலைவிலிருந்து வந்ததைப் பிரித்த பிறகு தாமதிக்கக் கூடாது. இணையத்தில் மீன் வரவழைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது ஐப்பசி. மகள் நியானை மறக்கவில்லை. எங்கள் தண்ணீருக்கு ஒத்துக்கொள்ளாதே என்று அவரிடமே கேட்டேன். வீட்டில் முற்றம் இருக்கிறதா என்றார். இருக்கிறது, பழைய வீடுதான். அந்தக் காலத்தில் கூரைத் தண்ணீரைத் தகரக் குழாய் வழியாக அண்டாவில் பிடித்து வைப்பார்களே, அதைச் செய்யச் சொன்னார். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடித்து, பாதிக்குப் பாதி போர் தண்ணீர் கலந்து, அதற்கென்று ஒரு தனித் தொட்டி. முழுக்க மழைத்தண்ணீர் கூடாது, அதில் சத்தே இல்லை, தண்ணீரின் புளிப்பு நிலைக்காமல் ஏறி இறங்கும். அப்பத்தாவின் பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கினோம். தொட்டி ஆறு வாரமாக ஓடுகிறது, பழைய தொட்டிப் பஞ்சுதான் உறை.

நேற்று மகளோடு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். தீபாவளிக் கூட்டத்தில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். சோதனைக் குழாய்களில் மஞ்சள் மஞ்சளாகவும் நீலம் நீலமாகவும் நின்றது. நடு வரிசைத் தொட்டியில் நாற்பது ஐம்பது நியான், கோடு விளக்கு போட்டது போல எரிந்தது. மகள் கண்ணாடியைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். மூலையில் சாக்பீஸில் 22 என்று எழுதியிருந்தது. அன்றைக்குப் 17.

“தாத்தா, தண்ணி நல்லா இருக்குல்ல?” என்றாள்.

“தண்ணி நல்லா இருக்கு தாயி. மீன்தான் இன்னும் சொல்லல” என்றார்.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.